தண்ணீருக்கும் உறை ஊற்ற வேண்டும்

கேள்வி: தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போய் இரண்டடித் தொட்டியும் 16 மீனும் வாங்கி வந்து அன்று சாயங்காலமே விட்டோம். நாலு கோல்டு ஃபிஷ், நாலு மோலி, நாலு ஏஞ்சல், மூன்று டெட்ரா, தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று ஒரு சக்கர். ஐந்தாம் நாள் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்தது. முழுத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, கல்லையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, புதுத் தண்ணீர் பிடித்தோம். மறுநாள் ஐந்து மீன் போய்விட்டது. கடையில் நீல மருந்து ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினோம். மறுபடி கழுவினோம், மறுபடி செத்தது. இப்போது மிச்சம் இரண்டு மோலியும், மகன் 'கேசரி' என்று பேர் வைத்த ஒரு கோல்டு ஃபிஷ்ஷும்தான். மூன்றும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கேசரியின் துடுப்பு ஓரத்தில் கறுப்பாகத் திட்டு வருகிறது. தொட்டி ஹாலில் பிளக் பாயிண்ட் பக்கத்தில் இருக்கிறது. ஏர் பம்ப்பும் கொசு லிக்விடும் ஒரே பாக்ஸில்தான் மாட்டியிருக்கிறோம். வீட்டுக்கு வந்த திருஷ்டியை மீன் வாங்கிக்கொண்டது, இனி வேண்டாம் என்கிறார் அத்தை. மகன் சரியாகச் சாப்பிடுவதில்லை. எங்கள் வீட்டுக்கு மீன் ராசியில்லையா, இல்லை நாங்கள்தான் எங்கேயோ தப்பு செய்கிறோமா?

பதில்: வணக்கம் அம்மா. கழுவியதுதான் மீன்களைக் கொன்றது. அக்கறையில்லாமல் இருந்திருந்தால் இன்னும் நாலைந்து மீன் பிழைத்திருக்கும் என்பதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். ஆனால் காரணம் தண்ணீரில்தான் இருக்கிறது என்றால் அதைச் சரிசெய்யவும் முடியும். மூன்று மீன் இன்னும் உயிரோடு இருக்கின்றன. முதலில் அவற்றைப் பார்ப்போம்.

இன்று தீனி போடாதீர்கள். நாளையும் வேண்டாம். மீன் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. இப்போதே ஒரு அகலமான பிளாஸ்டிக் டப்பில் மெட்ரோ வாட்டர் பிடித்து, ஏர் கல் (பம்ப் காற்றைக் குமிழாக விடும் கல்) ஒன்றை அதில் ஓடவிட்டு நாளை வரை திறந்து வையுங்கள். குளோரின் வாசம் முழுக்கப் போன பிறகு, தொட்டியில் கால் பங்குத் தண்ணீரை டியூப் வைத்து அடியிலிருந்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த அளவுக்கு டப்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். இப்படித் தினமும் கால் பங்கு. எந்தக் காரணத்துக்காகவும் முழுத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம். நாளை வரை காத்திருக்க முடியாத அளவுக்கு மீன் தவித்தால், கடையில் 'ஆன்டி குளோரின்' என்று கேளுங்கள். கல்கண்டு மாதிரி வெள்ளைப் படிகமாகத் தருவார்கள். சோடியம் தயோசல்ஃபேட் என்பது அதன் பெயர். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கரைத்துக் கலந்தால், வாளித் தண்ணீரில் உள்ள குளோரின் உடனே போய்விடும்.

அடுத்தது கல் உப்பு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி ஏறக்குறைய 57 லிட்டர் பிடிக்கும். கல்லும் மேலே விட்ட இடமும் போக உங்களிடம் இருப்பது ஏறக்குறைய 45 லிட்டர். லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் 45 கிராம் கல் உப்பை ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்து, ஒரே நேரத்தில் கொட்டாமல் மூன்று தடவையாக ஊற்றுங்கள். பிறகு தண்ணீர் மாற்றும்போது, மாற்றிய அளவுக்கு மட்டும் உப்புச் சேர்த்தால் போதும். உப்பு எதற்கு என்று பிறகு சொல்கிறேன். நீல மருந்து இனி ஒரு சொட்டும் வேண்டாம். தண்ணீரில் இன்னும் நீலம் தெரிந்தால், ஃபில்டரில் மீன் கடையில் கிடைக்கும் ஆக்டிவேட்டட் கரி போட்டு வையுங்கள், இழுத்துக்கொள்ளும்.

இனி, என்ன நடந்தது என்று பார்ப்போம்.

மீனின் கழிவு என்றால் அடியில் நூலாகத் தொங்கும் சாணியைத்தான் நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத பெரும்பகுதி செவுள் வழியாக, மூச்சோடு மூச்சாக, அம்மோனியாவாக வெளியேறுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அதுவே வரும். ஏரியிலும் குளத்திலும் இதைத் தின்று தீர்க்க பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை. வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினாலே குறைந்துவிடும். கடையிலிருந்து வந்த புதுத் தொட்டியில், துடைத்து வைத்த கண்ணாடியில், கழுவிய கல்லில், இந்தக் கூட்டம் இரண்டுமே கிடையாது. அவை தானாக வந்து குடியேறிப் பெருக, நம் ஊர்ச் சூட்டிலும் நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நீங்கள் முதல் நாளே 16 மீனை விட்டீர்கள். சாப்பாடு போட ஆள் இல்லாத மண்டபத்துக்குப் பந்தி நிறைய ஆள் வந்த கதையாகிவிட்டது.

ஐந்தாம் நாள் தண்ணீர் வெளுத்ததே, அது அழுக்கு இல்லை. அழுகிய தீனியைத் தின்ன வேறு வகை பாக்டீரியா திடீரெனப் பெருகியதால் வந்த வெளுப்பு. கால் பங்குத் தண்ணீரை மாற்றி, தீனியைப் பாதியாகக் குறைத்திருந்தால் சில நாளில் தானே தெளிந்திருக்கும். நமக்கு வேண்டிய நல்ல பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதில்லை. கல்லில், கண்ணாடியில், எல்லாவற்றையும்விட ஸ்பாஞ்சின் துளைகளில் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டத் தொடங்கியதைத்தான் நீங்கள் குழாயடியில் தேய்த்தீர்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் பாதியைக் கொன்றது, வெயில் மீதியைக் கொன்றது. ஒவ்வொரு தடவையும் தொட்டி மறுபடி முதல் நாளுக்குப் போனது. நீல மருந்து, அதாவது மெத்திலீன் ப்ளூ, பூஞ்சைக்கும் சில ஒட்டுண்ணிக்கும் ஊற்றுவது. அதுவும் இந்த நல்ல பாக்டீரியாவைச் சாகடிக்கும். உங்கள் மீனுக்கு இருந்தது நோயில்லை, விஷம் ஏறியது. விஷத்தை மாற்றும் கூட்டத்தையே அந்த மருந்து அழித்துவிட்டது.

இதில் நம் வடசென்னைக்கென்று இன்னொரு சங்கடம் உண்டு. அம்மோனியா எல்லாத் தண்ணீரிலும் ஒரே மாதிரி கடிக்காது. தண்ணீரின் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 7 ஆக இருந்தால், 30 டிகிரி சூட்டில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் செவுளை அரிக்கும் வடிவத்தில் இருக்கும். அதே சூட்டில் பிஎச் 8 ஆனால் நூற்றில் ஏழு பங்கு அப்படி மாறிவிடும். உப்பும் சுண்ணாம்பும் கலந்த நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் 8-ஐ ஒட்டியே இருக்கும். போதாததற்கு, சூடான தண்ணீரில் காற்று குறைவாகத்தான் கரையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். சித்திரை, வைகாசி மதியத்தில் மொட்டை மாடிக்குக் கீழ் வீட்டில் இருக்கும் தொட்டிக்கு இது இரட்டை அடி. உங்களிடம் யாராவது ஹீட்டர் வாங்கச் சொன்னால் அந்தக் காசுக்கு இன்னொரு ஏர் கல் வாங்கிக்கொள்ளுங்கள்.

போர் தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் பேட்டை என்பதால் சொல்கிறேன். 2013-இல் தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் குழாய்க் கசிவால் வீட்டு போர்களில் எண்ணெய் வாடை அடித்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். எடுத்தவுடன் முகர்ந்து பார்க்காமல் எந்த போர் தண்ணீரையும் மீனுக்கு ஊற்றாதீர்கள். கேன் தண்ணீர் சுத்தமாயிற்றே என்று அதை மட்டும் ஊற்றுவதும் சரியில்லை. அதில் தாது உப்பு மிகக் குறைவு. மோலிக்குக் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். நம் பாக்டீரியாவுக்கும் வேலை செய்யக் கொஞ்சம் சுண்ணாம்புத் தன்மை வேண்டும். குளோரின் போன மெட்ரோ வாட்டரே உங்களுக்குப் போதும்.

உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது அந்த கொசு லிக்விட் வரிதான். ஏர் பம்ப் செய்கிற வேலையே அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் அனுப்புவது. அதன் பக்கத்திலேயே ராத்திரி முழுக்க லிக்விட் ஓடினால், அந்த ஆவியையும் சேர்த்துத்தான் அனுப்பும். கொசு லிக்விட், சுருள், ஸ்ப்ரே எல்லாவற்றிலும் இருப்பது பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்து. மனிதருக்கு அவ்வளவாகத் தெரியாத அளவே மீனுக்கு எமன். கொசு மருந்து இல்லாமல் நம் ஏரியாவில் தூங்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால் லிக்விடை ஹாலிலிருந்து எடுத்துப் படுக்கையறைக்குள் மாட்டிக் கதவைச் சாத்துங்கள், ஹாலில் தூங்குபவர்களுக்குக் கொசுவலை கட்டுங்கள். மாநகராட்சியின் கொசுப்புகை அடிக்கும் வண்டி தெருவில் வரும் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தி, ஏர் பம்ப்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, புகை அடங்கியபின் திறந்து பம்ப்பைப் போடுங்கள்.

இப்போது வேலையைச் சுருக்கும் வழி. நீங்கள் வீட்டில் தயிர் உறை ஊற்றுகிறீர்கள் இல்லையா? காய்ச்சிய பாலை அப்படியே மூடி வைத்தால் தயிராகாது, கெட்டுத்தான் போகும். பழைய மோர் ஒரு கரண்டி விட்டால் காலையில் தயிர். தொட்டிக்கும் உறை உண்டு. மாதவரம் பக்கத்தில் நான் மீன் நலம் பார்க்கப் போகும் பண்ணை ஒன்றில் ஒரு பெரியவர் இருக்கிறார், அறுபதைத் தாண்டியவர். புதிதாகத் தண்ணீர் நிரப்பிய சிமென்ட் தொட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழைய தொட்டியிலிருந்து எடுத்த ஸ்பாஞ்சைத் தண்ணீருக்குள் வைத்து மூன்று பிழி பிழிந்தார். டிக்காஷன் மாதிரிப் பழுப்பாக இறங்கி, புகை போலச் சுருண்டு பரவியது. தெளிந்த தண்ணீரை இப்படிக் கலக்குகிறாரே என்று கூட இருந்த பையன் முகம் சுளித்தான். பெரியவர் பேசவில்லை, பிழிந்த ஸ்பாஞ்சையும் அந்தத் தொட்டி ஃபில்டரிலேயே செருகினார். மறுநாள் காலை நான் போனபோது அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரித் தெரிந்தது. அந்தப் பழுப்பை அழுக்கு என்று நினைக்கும்வரை மீன் வளர்ப்பது கஷ்டம்தான்.

உங்களுக்கும் அதுதான் வேண்டும். சொந்தக்காரர், பக்கத்து வீடு, பழகிய கடை, யாரிடமாவது ஆறு மாதத்துக்கு மேல் ஓடுகிற, அண்மையில் மீன் சாகாத, உடம்பில் வெள்ளைப் புள்ளி வந்த மீன் இல்லாத தொட்டி இருந்தால், அதன் ஸ்பாஞ்சில் உள்ளங்கை அளவு துண்டு கேட்டு வாங்குங்கள். அந்தத் தொட்டியின் தண்ணீரிலேயே நனைத்து, காற்றோடு பையில் கட்டி, வழியில் எங்கும் நிற்காமல் வீட்டுக்கு வாருங்கள். காயவிட்டால் உறை செத்துவிடும். உங்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சோடு ஒட்டி வையுங்கள். நாலு வார வேலை பல தொட்டிகளில் ஒன்றரை வாரத்தில் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். கடையில் பாக்டீரியா பாட்டில் என்றும் விற்கிறார்கள். வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்கில் நின்ற பாட்டிலில் உயிர் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று சொல்ல முடியாது. இருக்கும் பணத்தை டெஸ்ட் கிட்டில் போடுங்கள்.

டெஸ்ட் கிட் வேலையை மகனிடமே கொடுங்கள். சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுவதை அட்டையோடு ஒப்பிட வேண்டும். சாதாரணமாகக் கிடைக்கும் கிட்டில் அம்மோனியா இல்லை என்றால் மஞ்சள், ஏற ஏறப் பச்சை. இரண்டு நாளுக்கு ஒரு தடவை தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதட்டும். முதலில் அம்மோனியா ஏறும். அது இறங்கத் தொடங்கும்போது நைட்ரைட் ஏறும். இந்த இரண்டாம் கட்டத்தில்தான் பலர் தப்பித்தோம் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். நைட்ரைட் மீனின் ரத்தத்துக்குள் போய், ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்துவிடும். ரத்தமே பழுப்பாகிவிடும், தண்ணீரில் காற்று இருந்தும் மீனுக்கு மூச்சு முட்டும். உப்பு போடச் சொன்னது இதற்குத்தான். உப்பில் இருக்கும் குளோரைடு செவுள் வாசலில் முந்திக்கொண்டு, நைட்ரைட்டை அவ்வளவாக உள்ளே விடாது. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்டினால் தொட்டி உறைந்துவிட்டது. அதுவரை இந்த மூன்றைத் தவிர வேறு மீன் வேண்டாம். மகன் எவ்வளவு கெஞ்சினாலும் வேண்டாம்.

மூன்றாம் நாளிலிருந்து தீனி கொடுக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. சாக்கடை ஓரம் எடுத்து விற்கும் உயிர்ப் புழு இப்போது வேண்டவே வேண்டாம். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரையே வாளியில் வைத்து, அதில் மெதுவாக இரண்டு பிழி பிழிந்து திரும்பப் போடுங்கள். குழாயடிக்கு அது போகவே கூடாது.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. சொம்பால் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றி, வீட்டில் எல்லோரும் முறை வைத்து மீன்களைக் காப்பாற்றினோம். கரண்ட் வந்ததும் சந்தோஷத்தில், டப்பா மாதிரி மூடியிருக்கும் ஃபில்டரின் சுவிட்சை அப்படியே போட்டுவிட்டேன். மூன்று நாளாகக் காற்றில்லாமல் உள்ளே அழுகிய தண்ணீர் மொத்தமும் தொட்டிக்குள் கொட்டியது. ஒரு மணி நேரத்தில் பதினோரு மீன். என் கையாலேயே நடந்தது, இன்றும் மனசு கேட்பதில்லை. உங்கள் வீட்டில் கரண்ட் சில மணி நேரத்துக்கு மேல் நின்றால், ஸ்பாஞ்சை வெளியே எடுத்துத் தொட்டித் தண்ணீரிலேயே மிதக்கவிடுங்கள். கரண்ட் வந்ததும் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு போடுங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் ஐப்பசி, கார்த்திகையில் நிம்மதியாகத் தூங்கலாம்.

தொட்டி உறைந்த பிறகு எந்த மீன்? இந்த அளவுத் தொட்டிக்கு மோலியோடு ஐந்தாறு கப்பி போதும். அதையும் ஒரே நாளில் விடாமல், இரண்டு வாரத்துக்கு மூன்று என்ற கணக்கில் விடுங்கள். வாங்கி வந்த பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரை ஊற்ற வேண்டாம். ஏஞ்சல் உயரமாக வளரும் மீன், ஓரடி உயரத் தொட்டி அதற்குப் பற்றாது. சக்கர் வேண்டாம்; பாசியைக் கொஞ்சம் தின்னுமே தவிர அது தொட்டியைச் சுத்தம் செய்வதில்லை, தானும் நிறையக் கழிவு போடும், ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் பாவம் என்று ரெட்டேரியிலும் புழலிலும் கொண்டுபோய் விடுபவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டு மீனின் இடத்தையும் தீனியையும் அது பிடுங்கிக்கொள்ளும். அந்தத் தப்பை யாரும் செய்யக்கூடாது.

கேசரியின் கதை வேறு. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், நிறையத் தின்று நிறையக் கழிவு போடும், நன்றாக வளர்த்தால் அரையடியைத் தாண்டும். மோலியோடு இந்தத் தொட்டியில் நிரந்தரமாக வைக்க முடியாது. இந்த வாரமே மாற்ற வேண்டாம், அலைச்சல் தாங்காது. உடம்பு தேறிய பிறகு மூன்றடித் தொட்டி வாங்க முடிந்தால் அதில் தனியாக வையுங்கள்; முடியாவிட்டால் பெரிய தொட்டி வைத்திருக்கும் தெரிந்தவரிடம் கொடுத்து, மகனை அவ்வப்போது கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

அத்தையிடம் ஒன்று சொல்லுங்கள். அவர் சொன்னதை நான் தட்டவில்லை. வீட்டுக்கு வந்ததை மீன் வாங்கிக்கொண்டது என்று என் பாட்டியும் சொல்லியிருக்கிறார், செத்த மீனை வெறுமனே தூக்கி எறியவும் விடமாட்டார். ஆனால் இந்த 13 மீன் வாங்கிக்கொண்டது அம்மோனியாவை. அது இன்னும் தொட்டியில் இருக்கிறது, கால் பங்கு கால் பங்காக அதை வெளியேற்றலாம்.

கடைசியாக, கேசரியின் துடுப்பு ஓரத்தில் வந்த கறுப்பு. பார்த்துப் பயந்துவிடாதீர்கள், மருந்தும் ஊற்றாதீர்கள். அம்மோனியா சுட்ட கோல்டு ஃபிஷ்ஷுக்குப் புண் ஆறும்போது பெரும்பாலும் அந்த இடம் இப்படித்தான் கறுக்கும். தண்ணீர் சரியானால் சில வாரத்தில் தானாக மங்கி மறைந்துவிடும். கறுப்புக்கு மேல் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படர்ந்தால் மட்டும் உடனே எனக்கு எழுதுங்கள். மகன் கேட்டால், கேசரிக்குப் புண் ஆறுகிறது என்று சொல்லுங்கள்.